பொடிக்கொசுத் தொல்லை: ஆடு மாட்டில் தெரியும் அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஐப்பசி மழை விட்டு இரண்டு வாரம் ஆனால் போதும், எங்கள் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களிடம் ஒரே மாதிரிப் புலம்பல் தொடங்கிவிடும். "ராத்திரி பூரா ஆடு படுக்கவே மாட்டேங்குது." "மருந்து அடிச்சேன், கேக்கலை." "வலை கட்டியும் கடிக்குது." மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பாடப் புத்தகத்தில் குலிகாய்டஸ், எங்கள் ஊரில் பொடிக்கொசு. உண்மையில் அது கொசுவே இல்லை, கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பு 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், கேழ்வரகு மணி அளவு. கடிப்பது பெண் பூச்சி மட்டும். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும்.

நான் விளாத்திகுளம் பக்கம் கரிசலில் வேம்பூர்ச் செம்மறி ஆடும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது அந்தப் பட்டியில் பட்டுத் தெரிந்துகொண்டதும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும். உங்கள் பட்டியில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்பிலிருந்து படிக்கலாம். ஆனால் ஒரு ஆடாவது காய்ச்சலோடு முகம் வீங்கி நின்றால் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

பொழுது சாய்ந்ததும் மந்தை நிலைகொள்ளவில்லை

காலை உதைக்கிறது, காதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, தலையை அடுத்த ஆட்டின் வயிற்றுக்கடியில் நுழைக்கிறது, படுத்த ஆடு உடனே எழுந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கடிப்பது எது என்று முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு நேரத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பட்டப்பகலில் கால்களை மட்டும் மாற்றி மாற்றி உதைத்தால் அது கொட்டில் ஈ. வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் வாயில் ஊசி போல ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அழுகின வைக்கோலும் சாணமும் மூத்திரமும் கலந்த இடத்தில் பெருகும். பகலில் பெரிய ஈ ஒன்று வந்து உட்கார்ந்து, கடித்த இடத்தில் ரத்தம் சொட்டினால் அது மாட்டு ஈ. ஆடு உடம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தால் ரோமத்தை விலக்கிப் பேன், உண்ணி பாருங்கள். இரவில் உங்கள் காதுக்குப் பக்கத்திலும் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால் கொசு.

சத்தமே இல்லாமல், சூரியன் இறங்கும் நேரத்தில் ஆரம்பித்து, காற்று அடித்தால் சட்டென்று நின்று, காற்று ஓய்ந்ததும் மறுபடி தொடங்கினால் பொடிக்கொசு என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே இது பறக்கத் திணறும். நம் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, முடிதான். அதனால் முகம், காது, மடி, தொடை உள்பக்கம் என்று எங்கும் கடிக்கும். உங்கள் கையிலும் கணுக்காலிலும் நெருப்புப் பட்ட மாதிரி சுருக்கென்று இருந்து, பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. வெள்ளை நிற பிளாஸ்டிக் தட்டில் பாதி தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விடுங்கள். அதற்கு ஒரு முழம் மேலே, மாலை 6 மணிக்கு ஒரு வெள்ளை விளக்கைத் தொங்கவிடுங்கள். ஆடு அடைகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். காலையில் தட்டில் விழுந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும். பெரிதாகக் கிடக்கும் அந்தும் விட்டிலும் நமக்கு வேண்டாம். மிளகுத்தூளைத் தூவியது போலக் கிடக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு ஈர்க்குச்சியால் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கையில் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரித் திட்டுகள் இருக்கும். வயிறு சிவப்பாக உப்பி இருந்தால் ராத்திரி உங்கள் ஆட்டிடம் குடித்துவிட்டு வந்தது அது.

எத்தனை இருந்தது என்று குத்துமதிப்பாகவாவது எழுதி வையுங்கள். எனக்கு முதல் தடவை ஒரு தட்டில் எண்ண முடியவில்லை. ஒரு ஸ்பூனில் அள்ளி, ஒரு ஸ்பூன் என்றே குறித்துக்கொண்டேன். பின்னால் நாம் செய்கிற வேலை பலிக்கிறதா என்று தெரிய இந்தக் கணக்குதான் உதவும்.

கொசுவலை கட்டியும் கடி நிற்கவில்லை

வலையில் குறையில்லை, கண்ணி பெரிது. சாதாரணக் கொசுவலையின் கண்ணி 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். கொசு அதில் நுழையாது. பொடிக்கொசு இறக்கையை மடக்கிக்கொண்டு சாவகாசமாக உள்ளே போய்விடும்.

அதைவிடச் சின்னக் கண்ணி வலை கட்டினால் பூச்சி நிற்கும், ஆனால் காற்றும் நின்றுவிடும். மழைக்காலத்தில் நாற்பது ஆடு அடைந்த கொட்டகைக்குள் மூத்திர நெடியும் புழுக்கமும் சேர்ந்தால் குட்டிகளுக்குச் சளி பிடித்துவிடும். பூச்சிக்கு மிச்சம் பிடித்துச் சளியில் விட்ட கதையாகிவிடும். டெல்டாமெத்ரின் போன்ற மருந்து ஏற்றிய வலை வரும் பூச்சிகளில் ஒரு பகுதியைக் குறைக்கும், முழுவதையும் நிறுத்தாது. இரண்டு மூன்று விலையுயர்ந்த கிடாவோ, பொலி மாடோ மட்டும் இருந்தால் அந்தச் செலவு செய்யலாம். மந்தைக்குக் கட்டுப்படியாகாது.

வலைக்கு ஆகும் காசில் இரண்டு மின்விசிறி வாங்கிப் போடுவது மேல். பறக்கத் தெம்பில்லாத பூச்சி என்றேன் அல்லவா? ஆட்டின் உயரத்துக்குக் காற்று படுகிற மாதிரி, கூரையில் அல்லாமல் பக்கச் சுவரில் இறக்கி மாட்ட வேண்டும். மாலை 5:30 முதல் இரவு 9 வரையும், விடியலில் ஒரு இரண்டு மணி நேரமும் ஓடினால் போதும். கடி அதிகம் விழுவது அந்த நேரத்தில்தான். ஈரத்தரையில் மின்கம்பி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆடு எதையும் மெல்லும்.

கொட்டகைக்கு உள்ளேயே வெள்ளை டியூப் லைட் எரிகிறதா? அதை அணையுங்கள். மேலே தட்டுச் சோதனையில் விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னது இதற்குத்தான். வெளிச்சம் வேண்டுமென்றால் மஞ்சள் விளக்கு, அதுவும் வாசலுக்கு வெளியே.

புகை போட்டால் அடங்குகிறது, புகை அணைந்தால் திரும்பி வருகிறது

அது அப்படித்தான். வேப்பிலை, நொச்சி, சாம்பிராணி எதுவானாலும் பூச்சியைக் கொல்வதில்லை. புகை இருக்கிற வரை ஒதுங்கி நிற்க வைக்கிறது. பொழுது சாய்கிற ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட இது நல்ல உதவி, நானும் போடுகிறேன். காற்று வருகிற திசையில், பட்டிக்கு வெளியே, சட்டியில் போட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் போட்டால் பூச்சியைவிட முதலில் குட்டிதான் இருமும்.

வேப்ப எண்ணெய், புங்க எண்ணெய் தடவுவதும் இதே கணக்குதான். சில மணி நேரம் தாங்கும். மழையில் நனைந்தால் அதுவும் இல்லை. மடி, காது, முகம் என்று முடி குறைந்த இடங்களில் மாலையில் தடவலாம், கண்ணில் படாமல்.

மருந்து அடித்து மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டது

அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். ஒரு கார்த்திகையில் மூன்று தடவை மருந்து அடித்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் அதே உதை. மருந்து போலியோ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாத குறை. பிறகுதான் புரிந்தது, நான் கொன்றது நேற்றுப் பிறந்த பூச்சியை; இன்று பிறப்பது என் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலேயே இருக்கிறது.

பொடிக்கொசுவின் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் ஈரச் சேற்றில்தான். வெறும் தண்ணீரில் இல்லை, காய்ந்த மண்ணிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் சொதசொதவென்று இருக்கிற விளிம்பில். அந்தச் சேற்றில் சாணமோ மூத்திரமோ கலந்திருந்தால் இன்னும் விசேஷம். நம் நாட்டில் கால்நடையைச் சுற்றி அதிகம் கிடைக்கிற குலிகாய்டஸ் இனங்கள் ஆக்சிஸ்டோமா, பெரிக்ரைனஸ், இமிகோலா போன்றவை. இவை எல்லாமே சாணம் கலந்த சேறு, ஈரமண் என்று இருக்கிற இடத்தைத் தேடுகிறவை. முட்டையிலிருந்து பூச்சியாக, வெயில் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று வாரம், குளிர்ந்தால் இன்னும் கூட. அதனால்தான் மழை கொட்டுகிற நாளில் தொல்லை தெரிவதில்லை. மழை விட்டு, வெயில் அடித்து, எங்கும் சேற்று விளிம்பு உண்டாகிப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கிளம்பும்.

இன்னொரு நல்ல செய்தி: பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். காற்று சில சமயம் வெகுதூரம் அடித்துக்கொண்டு போகும், அது வேறு. ஆனால் தினமும் கடிக்கிற கூட்டம் பக்கத்தில் எங்கோ பிறக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மண்வெட்டியும் ஒரு தட்டும் எடுத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். நான் முதலில் போனது தண்ணீர்த் தொட்டிக்கு. தொட்டியின் தெற்குப் பக்கம் வழிந்து வழிந்து, ஆடு மிதித்து, கறுப்பாக அல்வா மாதிரி ஒரு முழ அகலத்துக்குச் சேறு. மேல் சேற்றில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு கை அள்ளி, தட்டில் போட்டு, உப்பு கரையக் கரையப் போட்ட தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். சேறு அடியில் உட்கார்ந்ததும் மேலே வெள்ளை நூல் துண்டு மாதிரி சிலது மிதந்தது. ஈர்க்குச்சியால் தொட்டால் பாம்பு நெளிவது போலச் சுறுசுறுவென்று நெளிந்து ஓடும். கொசுப்புழு போல மேலும் கீழும் துள்ளாது, இதுதான் அடையாளம். நம்பிக்கை வரவில்லையென்றால் அதே சேற்றை ஒரு பாட்டிலில் பாதி போட்டு, வாயில் மெல்லிய வேட்டித்துணி கட்டி, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். துணிக்கு அடியில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

தொட்டிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை: மாடு கழுவுகிற தண்ணீர் போகும் வாய்க்கால், ஒழுகுகிற குழாயடி, எருக்குழியின் விளிம்பு, ஆட்டுப் பட்டிக்குள் தாழ்ந்து கிடக்கும் மூலை, ஊருணிக் கரையில் மாடு இறங்கி ஏறுகிற வழி. எருக்குழியைப் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். நடுக்குவியல் வெந்து சூடாக இருக்கும், அதில் புழு தாங்காது. சுற்றிலும் கறுப்புச் சாறு இறங்கி ஊறிய மண்தான் இடம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. என்ன செய்வது? காய வைக்க வேண்டும். வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை.

தொட்டியைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரளையும் உடைந்த ஓடும் கொட்டி, மேலே சிமெண்டுப் பூச்சு ஒன்று போட்டு, வெளிப்பக்கம் சாய்வு கொடுத்தேன். மிதவைக் குழாய் ஒன்று மாட்டியதும் வழிவது நின்றது. அந்த ஒரு வேலைக்குத் தட்டில் விழுந்தது கால்வாசியாகக் குறைந்தது. சிமெண்டுக்குக் காசில்லையென்றால் வாரம் ஒரு முறை அந்தச் சேற்றை வழித்து, வெயிலில் மெல்லிசாகப் பரப்பினால் போதும். பூச்சி வெளியே வர இரண்டு வாரமாவது வேண்டும்; நீங்கள் ஏழாம் நாளே மண்ணைப் புரட்டிவிட்டால் அது முடியாமல் போகிறது. ஒரு வாரம் மறந்துவிட்டாலும் சமாளிக்கலாம். இரண்டு வாரம் மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். எருக்குழியை மேட்டில் வைத்து, குவியலைக் கூம்பாகக் கட்டி, மழைக்குத் தார்ப்பாய் போடுங்கள். சுற்றிலும் ஒரு சின்ன வடிகால் வெட்டி, அந்தச் சாற்றை வயலுக்குத் திருப்பிவிடலாம். பட்டித் தரை தாழ்ந்திருந்தால் கோடையிலேயே சரளை மண் அடித்து மேடாக்கிவிட வேண்டும். ஐப்பசியில் கரிசலில் வண்டி இறங்காது. சுண்ணாம்பு தூவுவது தரை உலர உதவும், கிருமிக்கும் நல்லது. ஆனால் சேற்றை அள்ளாமல் மேலே சுண்ணாம்பு தூவிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்தால் பலன் இல்லை.

சேற்றிலேயே பூச்சிமருந்தை ஊற்றிவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். சேற்றுக்குள் மருந்து சரியாக இறங்காது, மீன், தவளை, தும்பி எல்லாம் சாகும், அடுத்த மழையில் கரைந்து ஊருணிக்குப் போகும். மாடு குடிக்கிற தண்ணீர் அது.

ஆட்டின் மேல் அடிக்கிற மருந்து எதற்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகைகள் பக்கத்தில் நோய் வந்திருக்கும் சமயத்தில் கடியைக் குறைக்கும். முதுகில் மட்டும் கோடு போல ஊற்றினால் வயிற்றுக்கும் காலுக்கும் போதுமான அளவு போய்ச் சேராது, பூச்சியோ அங்கேதான் கடிக்கும். அதனால் தெளிப்பானில் கீழ்ப்பக்கமும் நனைய வேண்டும். கலக்கும் அளவை டாக்டர் சொன்னபடி, லேபிளில் உள்ளபடி மட்டும் எடுங்கள். "கொஞ்சம் தூக்கலா போட்டா நல்லா கேக்கும்" என்பது குட்டியைக் கொல்கிற யோசனை. கறவையில் இருந்தால் பாலை எத்தனை நாள் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் ஊசி போட்டால் கொசுவும் போகும் என்று ஒரு பேச்சு உண்டு. குடற்புழுவுக்கு அது தேவைப்படும்போது போடுங்கள், பொடிக்கொசுவுக்கென்று போடாதீர்கள். சாணத்தோடு வெளியேறி, சாணத்தைப் புரட்டி மண்ணுக்குள் இழுக்கிற வண்டுகளையும் அது கெடுத்துவிடும்.

கிடை போட்ட இடத்தில் மட்டும் கடி அதிகம்

வயல்காரருக்குத் தாழ்ந்த வயலில்தான் கிடை வேண்டும், உரம் அங்கேதான் தேவை. மழைக்காலத்தில் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈர வயல், வாய்க்கால் கரை, மாடு கட்டுகிற தொழுவத்துக்குப் பக்கம் மூன்றையும் தவிர்த்து, காற்று வருகிற மேட்டில் போடுங்கள். பொழுது இறங்குவதற்கு முன்பே ஆடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கிடை ஆடு மேய்க்கிற கீதாரிகள் பலர் இதைப் பாடம் படிக்காமலே செய்வார்கள்; கேட்டால் "அங்க ஆடு உறங்காது" என்று மட்டும் சொல்வார்கள்.

மாட்டை ஆட்டுக்குப் பக்கத்தில் கட்டினால் கொசு மாட்டைக் கடித்துவிட்டு ஆட்டை விட்டுவிடும் என்றும் சொல்வதுண்டு. பாதி உண்மை. இந்தப் பூச்சிகளில் பலதுக்கு மாடு என்றால் பிரியம் அதிகம். ஆனால் அதே மாட்டின் சாணத்தில் அது பெருகும், அதைவிட முக்கியமாக, இந்தப் பூச்சி செம்மறிக்குப் பரப்புகிற நீலநாக்கு நோயின் வைரஸை மாடு எந்த அறிகுறியும் இல்லாமல் வாரக்கணக்கில் ரத்தத்தில் வைத்திருக்கும். எனக்குக் கேட்டால், தள்ளியே கட்டுங்கள்.

ஆட்டுக்குக் கடும் காய்ச்சல், முகம் வீக்கம், மூக்கு வழிகிறது

கடி என்பது தொந்தரவு. இது நோய். செம்மறிக்குச் சாதாரணமாக 102 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்; நீலநாக்கு நோயில் 106, 107 வரை ஏறும். முதலில் கண்ணும் உதடும் சிவக்கும், மூக்கில் தண்ணீர் வழிந்து பிறகு கெட்டியாகிப் பொருக்குத் தட்டும். உதடு, முகம், காது, தாடைக்கு அடியில் வீங்கும். ஈறிலும் நாக்கிலும் புண் வந்து எச்சில் ஒழுகும். சில ஆடுகளுக்குக் குளம்புக்கு மேலே வளையம் போலச் சிவந்து, நொண்டும், முழங்காலில் நகரும். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வதும் உண்டு. சினை ஆடு குட்டி வீசிவிடலாம்.

பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஒருவர் இரண்டு நாள் தாமதித்துவிட்டார். போய்ப் பார்த்து, "அண்ணாச்சி, டாக்டரைக் கூப்பிடலியா?" என்றேன். "நாக்கு நீலமா ஆகலியே தம்பி, அது வேற என்னமோன்னு இருந்துட்டேன்" என்றார். அந்தப் பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. நாக்கு நீலமாவது சில ஆடுகளில் மட்டும், அதுவும் நோய் முற்றியபோது. நீலத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

குழப்பம் வருவது வேறு மூன்று நோய்களோடு. பட்டியில் உள்ள வெள்ளாடுகளும் சேர்ந்து விழுந்து, கடுமையாகக் கழிந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். மாட்டுக்கும் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் இருந்தால் கோமாரி. உதட்டைச் சுற்றிக் கருக்கான பொருக்குப் புண் மட்டும், காய்ச்சல் பெரிதாக இல்லை, குட்டிகளுக்கே அதிகம் என்றால் வாய்ப்புண் அம்மை. செம்மறி மட்டும் முகம் வீங்கி நிற்க, பக்கத்தில் வெள்ளாடும் மாடும் ஒன்றும் ஆகாத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தால் நீலநாக்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். உறுதி செய்வது ரத்தப் பரிசோதனைதான். அரசு கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி போகும். ஆட்டை வண்டியில் ஏற்ற முடியவில்லையென்றால் 1962 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

வைரஸைக் கொல்கிற மருந்து கிடையாது. ஆடு பிழைப்பது கவனிப்பில். நிழலில் கட்டுங்கள், வெயில் பட்டால் தோல் இன்னும் வெந்துபோகும். இளம் ரோஜா நிறத்துக்குக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் வாயைக் கழுவி, போராக்ஸ் கிளிசரின் தடவுங்கள். வைக்கோல் வேண்டாம், புண்ணில் குத்தும். கம்பங்கூழ், கேழ்வரகுக் கஞ்சி, இளந்தழை. கூழை மூங்கில் குழாயில் வைத்துத் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள். நாக்கு வீங்கிய ஆடு சரியாக விழுங்காது, நுரையீரலுக்குள் போய்விடும். பாத்திரத்தில் வைத்து, உதட்டில் தடவி, அதுவாகக் குடிக்கட்டும். பின்னால் சேரும் கிருமிகளுக்கான ஊசியும் காய்ச்சல் ஊசியும் டாக்டர் போடுவார்.

இது ஆட்டுக்கு ஆடு உரசி வருவதல்ல, பூச்சி கடித்து வருவது. 1944-ல் தென்னாப்பிரிக்காவில் டூ டாய்ட் என்பவர் இதை நிரூபித்தார். மனிதருக்கு வராது. ஆகவே நோயாளி ஆட்டைத் தனியே கட்டுவதோடு நிற்காமல், அதைப் பூச்சி கடிக்காமல் பார்க்க வேண்டும், விசிறியும் புகையும் முதலில் அதற்கு. கடித்த பூச்சியின் உடம்பில் வைரஸ் பெருகி அடுத்த ஆட்டுக்குத் தரத் தயாராக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முதல் ஆடு விழுந்த அன்றே சேற்றை வழித்தால் அந்த இடைவெளி நமக்குப் பயன்படும்.

இந்தியாவில் இந்த நோய் 1964-ல் பதிவானது. தமிழ்நாட்டில் 1997-98 மழைக்காலத்தில் செம்மறிகளைப் பெரிய அளவில் வாரிக்கொண்டு போனது, 2005-லும் வந்தது. அந்த வருடங்களில் தடுப்பூசி கையில் இல்லை. இப்போது 1, 2, 10, 16, 23 என்ற ஐந்து வகை வைரஸுக்கும் சேர்த்து, செத்த வைரஸில் செய்த தடுப்பூசி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே கேட்டுப் போட்டுவிட வேண்டும். ஆடு விழுந்த பிறகு ஓடுவதில் பிரயோசனம் குறைவு. வேறு வகை வைரஸ் வந்தால் இது முழுதாகக் காப்பாற்றாது என்பதால் சேற்று வேலையை விட முடியாது.

மாடு திடீரென்று படுத்துவிட்டது, மூன்றாம் நாள் எழுந்துவிட்டது

மூன்று நாள் காய்ச்சல். கொசுவும் பொடிக்கொசுவும் பரப்புவதாகக் கருதப்படுகிறது. ஒரு காலில் நொண்டும், மறுநாள் வேறு காலில் நொண்டும், உடம்பு நடுங்கும், பால் சட்டென்று வற்றும். பெரும்பாலும் தானாகவே தேறும். ஆனால் நல்ல கறவை மாடும் கனத்த காளையும்தான் அதிகம் படும், நாலாம் நாளும் எழவில்லையென்றால் டாக்டர் வந்து பார்த்தே ஆக வேண்டும். வலி குறைக்கும் ஊசியும் சுண்ணாம்புச் சத்தும் போடுவார்கள். இதிலும் விழுங்கும் தசை தளரும், வாயில் கஷாயம் ஊற்றுவதை நிறுத்துங்கள். மருந்தை ஊற்றிச் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். படுத்த மாட்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் போடுங்கள்.

கோழி கொண்டை வெளுக்கிறது

ஆடு மாட்டோடு நாட்டுக்கோழியும் திரிகிற வீட்டில், கொண்டை வெளிறிப் பச்சையாகக் கழிந்தால் லூகோசைட்டோசூன் என்ற ரத்த ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதைப் பரப்புவதும் இதே குலிகாய்டஸ் கூட்டத்தில் ஒரு இனம்தான், வயல்சேற்றில் பெருகுவது. ராணிக்கெட் என்ற கோழி நோயிலும் பச்சையாகக் கழியும் என்பதால் செத்த கோழி ஒன்றை மருந்தகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, தட்டில் மட்டும் குறையவில்லை

வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து, அதே இடத்தில், அதே விளக்கில், காற்றில்லாத இரவில் தட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்று அடித்த இரவில் வைத்துவிட்டு "ஒன்றுமே விழவில்லை" என்று சந்தோஷப்பட வேண்டாம். குறைந்திருந்தால் சரி. குறையவில்லையென்றால் விளக்கையும் தட்டையும் பட்டியின் நாலு பக்கமும் ஒவ்வொரு இரவு மாற்றி வையுங்கள். எந்தப் பக்கம் அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நடக்க வேண்டும்.

எனக்குக் கிழக்குப் பக்கம்தான் அதிகம் விழுந்தது. அந்தப் பக்கம் என் நிலமே இல்லை. தேடிப் போனால் அண்ணாச்சியின் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழாய் இணைப்பு ஒன்று ஒழுகி, அவர் எருமை அதில் புரண்டு, ஒரு சென்ட் இடத்துக்குக் கறுப்புச் சேறு. எருமையை எழுப்பி ஓட்டவே அரை மணி நேரம் ஆனது. இணைப்புக்கு ஒரு வாஷர் மாற்றினோம், இருவருமாகச் சேற்றை வழித்து அவர் தென்னைக்கே போட்டோம். வாஷருக்குக் காசு நான்தான் கொடுத்தேன். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.